தோளில் ஒரு கை

ஹட்டன் ஸ்டூடியோவில் ஒன்றாய் எடுத்த படத்தை
கோத்தகிரி வந்ததும் வெட்டினார்கள்.
ஆளுக்கொரு டிவிஷன், ஆளுக்கொரு லயன்,
ஆளுக்கொரு அட்டை,
படம் மட்டும் எதற்கு ஒன்றாய் என்றாராம் குமாஸ்தா.
கத்திரிக்கோல் அவருடையது.
வெட்டியது சின்னத் தாத்தா பூமாலை.
கை நடுங்கியிருக்கிறது;
எந்த ஓரமும் நேராயில்லை.

ஐம்பது வருடம் கழித்து
டானிங்டன் முக்கில் என் ஜெராக்ஸ் கடைக்குத்
துண்டுகள் வந்துசேர்கின்றன.
கூடலூர் பஸ்ஸில், பிஸ்கட் டப்பாவில்,
கற்பூர வாசத்தோடு இரண்டு.
திருப்பூரிலிருந்து பனியன் அட்டைக்குள் வைத்து ஒன்று.
சேரம்பாடிப் பெரியப்பா தரமாட்டேன் என்றுவிட்டார்.
அவர் வாசலில் மழை விடும்வரை நின்று
போனில் படமெடுத்து வந்தேன்.
அங்கேயே தங்கிவிட்ட வகையறாவிடம் துண்டே இல்லை.
குரல் அனுப்பினார்கள், ஒன்பது நிமிடம்:
பாதி அழுகை,
பாதி கிழங்கு விலை.

மலையில் காகிதம் காகிதமாய் இருப்பதில்லை.
பூஞ்சை முதலில் கண்களைத் தின்கிறது,
பிறகு சேலைப் பூக்களை.
வேட்டியைத் தொடுவதில்லை, ஏனோ.

"தெளிவாக்கிரு அண்ணே,
அப்பிடியே கொஞ்சம் வெள்ளையாவும்" என்கிறாள்
சித்தப்பா மகள் யோகராணி.
மாட்டேன் என்றேன்.

ஸ்கேனர் கண்ணாடிமேல் குப்புற அடுக்கினேன்.
முகங்கள் கீழே. மேலே முதுகுகள்,
முதுகில் ஊதா மை, பாதி சீல்:
வீரம்மாள், 34, மனைவி.
இராசகோபால், 11, மகன்.
தவமணி, 5, மகள்.

திரையில் எல்லாரும் கூடி உட்கார்ந்தபோது
ஒரு கை மிச்சமிருந்தது.
வலது ஓரத்தில், தவமணி அத்தையின் தோள்மேல்,
மூன்று வளையலோடு,
உடம்பில்லாமல்.

ஸ்டூடியோக்காரர் கையாயிருக்கும் என்றான் ஒருவன்.
ஸ்டூடியோக்காரருக்கு எதுக்குடா வளையல்.
ஃப்ரேம் போடுமுன் அழித்துவிடச் சொன்னார்கள்,
ஒரே ஒரு அமுக்குதானே.

வியாழக்கிழமை அத்தையே வந்தார்,
கீழ்கோத்தகிரியிலிருந்து, ரேஷன் கார்டு நகலுக்கு.
திரையைப் பார்த்தார்.
குடையை மடக்கவில்லை.
கடைக்குள் மழை சொட்டியது.

"அது எங்கம்மா" என்றார்.

வீரம்மாள் பாட்டி நடுவில் நாற்காலியில் இருக்கிறாரே.

தவமணி காய்ச்சலில் போய்
ஒரு மாதம் ஆகியிருந்ததாம்.
பிள்ளை போனாலும் தாளில் பேர் போகவில்லை.
பக்கத்துக் காம்பராவில் பேரில்லாத பெண்கள் நாலு,
பேர் என்றால், தாளில்.
ராத்திரி இரண்டு வீடும் பேசி முடித்தது.
படமெடுக்கும்போது அம்மாவை
நகரச் சொன்னார் ஸ்டூடியோக்காரர்.
நகர்ந்தாள்.
கை நகரவில்லை.

அவங்க பேரு அத்தை?
"அம்மான்னுதான் கூப்பிட்டேன்.
அஞ்சு வயசுல வேற என்ன தெரியும்."
உங்க பேரு?
மெஷின் சத்தத்துக்குள் ஒரு முறை சொன்னார்.
எனக்குக் கேட்டது. இங்கே எழுதவில்லை.

வம்சப் பட்டியலைக் காட்டினேன்.
வெகுநேரம் விரலை ஓட்டிவிட்டு,
"இந்தப் புள்ளைக்கும் ஒரு இடம் போடு" என்றார்.
எந்தப் புள்ளைக்கு?
"தவமணிக்கு. அம்பது வருசமா
அது பேர்ல சோறு திங்கிறேன்."

பத்து ரூபாய் நீட்டினார், வாங்கவில்லை.
மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை பதினான்கு வீட்டுக்கும்
பதினான்கு பிரதி போட உட்கார்ந்தேன்.
கையை அழிக்கவில்லை.
முதல் தாள் ஊர்ந்து வரும்போது கரண்ட் போனது.
இடப்பக்கத்திலிருந்து
பெரியப்பாவரை வெளியே வந்திருந்தார்கள்.
மீதிப் பேர்
இருட்டில், உள்ளே,
சூடாக இருந்தார்கள்.