அனாமத்து

செவ்வாய்க்கிழமை, விடியாத ஐந்தே முக்கால்.
மண்டிக் குழுவில் சென்னியப்பன் குரல்,
இருபத்தேழு நொடி.
"விரலி இன்னிக்கு மட்டுந்தானுங் பதிமூணாயிரம்.
நாளைக்கு ஒம்பதுகூட நிக்காதுங்.
இருக்கறதைத் தள்ளி உட்ருங்."
நடுவில் அந்த இருமல்.
வாக்கியத்துக்கு வாக்கியம் அந்த 'ங்',
தாம்புக்கயிற்றின் நுனி முடிச்சு மாதிரி.

எட்டு மணிக்குள் பெருந்துறைச் சாலையில்
டெம்போக்கள் வால்பிடித்து நின்றன.
வேகவைத்தும் சரியாகக் காயாத மஞ்சள்,
மெருகு போடாத மஞ்சள்,
மூன்று வருடமாக விலைக்குக் காத்திருந்த மஞ்சள்,
எல்லாம் ஒரே காலையில்.
வரத்து அப்படிக் குவிந்தால்
விலையை யாரும் தள்ள வேண்டியதில்லை.
விழுந்தது.
பொய்யாகப் புறப்பட்டது
மதியத்துக்குள் உண்மையாகிவிட்டது.

நான் பில் போடுகிறவள்.
என் நோட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது:
சிவகிரி மயிலாத்தாள், பதினொரு மூட்டை,
குவிண்டால் ஒன்பதாயிரத்து எழுநூறு,
கையெழுத்து.
அவர் இழந்த தொகைக்குத்தான்
பற்றிலும் இடமில்லை, வரவிலும் இடமில்லை.

இரண்டு மணிக்குச் சென்னியப்பன் வந்தார்,
பல் பிடுங்கிய கன்னத்தில் பஞ்சோடு.
முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து
அவர் பேசவே இல்லை.
வாயைத் திறந்து காட்டினார்.
ரத்தம் இருந்தது.
குரலைக் கேட்டவர்கள் இருநூறு பேர்.
வாயைப் பார்த்தவர்கள் ஆறேழு பேர்.

எங்கிருந்து எடுத்தான் என் குரலை
என்று ஈரோட்டில் போய்க் கேட்டதற்கு
சைபர் பிரிவு ஏட்டு சிரித்தாராம்:
"ஆறு வருசமாத் தெனமும் வெல சொன்னீங்கள்ல,
அதுக்கு மேல மெஷினுக்கு என்னங் வேணும்?"
ஆறு வருடம் விதைத்திருக்கிறார்,
இருமலோடு, 'ங்'கோடு,
யார் காடு என்று தெரியாமல்.

இப்போது மண்டியில் மறுபடி துண்டு விரிகிறது.
துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை.
பழையது நல்லது என்று சொல்ல வரவில்லை.
அங்கேயும் பொய் இருந்தது,
என் அப்பன் ஒரு ஜோடி மாட்டை அதில்தான் இழந்தார்.
ஆனால் அந்தப் பொய்க்கு
ஒரு மணிக்கட்டு இருந்தது.
இறுக்கிப் பிடிக்கலாம்.
சந்தை கலைந்தபின் வீட்டு வாசலில் போய்க் கத்தலாம்.

இந்தப் பொய்யின் வாசல் எது?
எந்த ஊர் எல்லையில் நின்று
"வெளிய வாடா" என்று கூப்பிடுவது?

சென்னியப்பன் விலை சொல்வதை நிறுத்திவிட்டார்.
வீட்டுக்குப் போன் செய்தால்கூட
"மொதல்ல சொல்லுங், நம்ம கல்யாணத்துல
மயங்கி உழுந்தது யாரு?"
பதில் சரியாக வந்த பிறகுதான்
"சாப்ட்டீங்ளா?"

நேற்று ராத்திரி திருப்பூரிலிருந்து என் தம்பி.
தம்பியின் குரல் என்று எழுதுவதே சரி.
"அக்கா, அவசரமா ஒரு நாலாயிரம்."
நானும் கேட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது:
நம்ம வீட்டு மொத சைக்கிள் என்ன கலரு?
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பின்னால் தையல் மெஷின்கள் மட்டும்.
"பச்சை... பச்சைதானே?"

நீலம் அது.
அதன் சக்கரத்தில்தான் அவன் கால் சிக்கியது.
தழும்பை வைத்துக்கொண்டு
நிறத்தை விட்டுவிட்டிருக்கிறான்.
தப்பாகச் சொன்னதாலேயே
அவனாக இருக்கும் என்று தோன்றியது.
மறப்பதற்கு ஒரு ஆள் வேண்டுமே.

அனுப்பிவிட்டேன்.
அப்புறம்தான் யோசித்தேன்,
தப்பாகச் சொல்வதையும் யாராவது
அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தால்?

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறானாம்.
வரட்டும், பேண்ட்டைச் சுருட்டிக் காலைக் காட்டட்டும்.
அதுவரை அந்த நாலாயிரத்தை
அவன் பெயரில் எழுதவில்லை.
அனாமத்தில் வைத்திருக்கிறேன்.