நாலு உடை, இருநூறு பவுண்டு

ஜூலை, சனிக்கிழமை, காலை ஒன்பதே கால்.
ஆர்ப்ரோத்திலிருந்து டண்டீ போகும் பேருந்து.
ஜன்னலோரம் மோர்வென்.
மீன் புகைக்கும் கொட்டகையில் ஆறு வருஷ வேலை;
எத்தனை ஷாம்பு போட்டாலும்
கூந்தலில் புகை மிச்சமிருக்கும்.
அதை வாசனை என்று சொன்ன ஒரே ஆளைத்தான்
செப்டம்பரில் கட்டிக்கொள்கிறாள்.

கணக்கு நோட்டு என் மடியில்.
மணப்பெண்ணுக்கு ஒன்று, தோழிகளுக்கு மூன்று.
எல்லாம் இருநூறுக்குள்.
செருப்பு அவரவர் பாடு.

முதல் கடையில் மணி அடித்தால்தான் கதவு திறக்கும்.
காபி வேண்டுமா என்றார்கள்.
பட்ஜெட் என்ன என்றார்கள்.
சொன்னோம்.
அந்த விலைக்கு முக்காடு இருக்கிறது என்றாள் ஒருத்தி,
மிக மரியாதையாக.
காபியைப் பாதியில் வைப்பது எங்களுக்குப் பழக்கமில்லை.
அடி வண்டல்வரை குடித்துவிட்டுத்தான் எழுந்தோம்.

இரண்டாவது கடையில் ஒன்று
கையைக் கடிக்கவில்லை.
அக்குளைக் கடித்தது.

மூன்றாவது, நன்கொடைத் துணி விற்கும் கடை.
மாடியில்,
ஜோடி தொலைத்த கோப்பைகளுக்குப் பின்னால்
ஒரு கம்பி நிறைய வெள்ளை.
வெள்ளை என்று தனியாக ஒரு நிறம் கிடையாது என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.
பால் இருந்தது. பழுத்த பல் இருந்தது.
தேநீர் சிந்தியதைச் சொல்லாமல் மறைக்கிற வெள்ளையும்.

ஆறாவது ஹேங்கர்.
முழங்கை வரை லேஸ்,
முதுகில் இருபத்தெட்டு பொத்தானுக்கு இடம்,
இருபத்தேழு பொத்தான்.
நாற்பத்தைந்து பவுண்டு.

திரைக்குப் பின்னால் போனவளிடமிருந்து
வெகுநேரம் சத்தமே இல்லை.
“மாட்டிக்கிச்சா?” என்று கத்தினாள் ஷோனா.
வெளியே வந்து
பாவாடையின் ஓரத்தை உள்பக்கம் திருப்பிக் காட்டினாள் மோர்வென்.
விரல் நீளத்துக்கு நீல நாடா.
அதில் நூலால் ஒரு தேதி.
பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய ஜூன்.

செத்துப்போயிருப்பாளோ என்றேன்.
விட்டுப் போயிருப்பாள் என்றாள் ஷோனா,
ஒருவனை விட்டு வந்தவள்.
அலமாரி சின்னதாயிருக்கும் என்றாள் எய்லித்.
கல்லாவில் இருந்த பையனுக்கு எதுவும் தெரியாது.
பை வந்தது, தொங்கவிட்டோம் என்றான்.

பிரித்துவிடவா என்றேன்.

“இரு.
பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு,
இரவல் ஒண்ணு, நீலம் ஒண்ணு வேணும்னு
அம்மா ஒரு மாசமா உயிரை எடுக்கிறா.
பழசு இது. நீலம் இது.
முடிஞ்சதும் இங்கேயே திருப்பிக் கொடுத்துட்டா
இரவலும் இதுதான்.
புதுசுக்கு ஒரு பொத்தான் வாங்கு.”

தோழிகளுக்கு ஒரே மாதிரி மூன்று
எங்கேயும் கிடைக்கவில்லை.
எங்கள் மூவருக்கும் பொதுவாக இருந்தது
மோர்வென் மட்டும்தான்.
ஷோனாவுக்குப் பருத்தி, பன்னிரண்டு பவுண்டு.
செப்டம்பரில் தன் வயிறு எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று தெரியாத எய்லித்துக்கு
இடுப்பே இல்லாத ஒரு கலப்புத் துணி, ஒன்பது.
ஆறடி எனக்கு, யாரோ ஆடிக் களைத்த பாலியஸ்டர், ஏழு.

சாயப் பொட்டலம் பதினொன்று.
மீன் ஊறவைக்கும் பழைய தொட்டியைத்
தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம்.
சாயம் பிடிக்க உப்பு வேண்டுமாம்.
உப்புக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்?

பருத்தி நள்ளிரவைக் குடித்துவிட்டு வந்தது.
கலப்பு, மழைக்கு முந்திய மாலை.
என்னுடையது மட்டும்
இரண்டு மணி நேரம் கிடந்தும்
லேசாகச் சாம்பல் பூத்ததோடு சரி.
“உன்னைப் போலத்தான். எதுவும் ஒட்டாது”
என்று சிரித்தாள் ஷோனா.
நானும் சிரித்தேன்.
அந்த மாதம்தான் ஹாலிஃபாக்ஸ் வேலைக்கு
ஒருவரிடமும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

பொத்தான் அறுபது பென்ஸ்.
மிச்சம் நூற்றுப் பதினைந்து பவுண்டு, நாற்பது பென்ஸ்.
நோட்டைக் காட்டியபோது
மோர்வென் கூட்டிப் பார்க்கவில்லை.
என் பக்கம் திரும்பி
“எப்போ கிளம்பறே?” என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி
நாடாவில் பழைய தேதிக்குக் கீழே
புதுத் தேதியைத் தைத்தேன்.
கோணலாகத்தான் வந்தது.

அக்டோபரில், நான் விமானம் ஏறும் வாரம்,
சொன்னபடியே திருப்பிக் கொடுத்தோம்.
அதே பையன், அதே கம்பி.
முகர்ந்து பார்த்துவிட்டு
நாற்பது என்று சீட்டு ஒட்டினான்.

ஐந்து பவுண்டு குறைத்ததற்குக் காரணம் கேட்டோம்.
புகை நாற்றமாம்.