ஒப்பீட்டுத் தட்டு

பிப்ரவரி. தார்த்து நகரில்
எட்டரைக்குத்தான் வானம் வெளுக்கிறது.
கண்ணாடிக்கூடத்து விளக்குகள் இரவெல்லாம் விழித்திருந்து
வெளியே பனிமேல் ஆரஞ்சுச் சாயம் கொட்டியிருக்கின்றன.
பூட்ஸைக் கழற்றுகிறேன்.
மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு
ஐந்தாம் மேசைக்குப் போகிறேன்.

நாற்பது தட்டுகள். நாற்பதிலும் லெட்யூஸ்.
மரநார் எட்டில், மட்கிய இலை எட்டில்,
அரைத்த நாணல் எட்டில்,
கப்பலேறி வந்த தென்னைநார்த்தூள் எட்டில்;
அதை நனைக்கும்போது மட்டும்
நான் பார்த்திராத ஏதோ கடலின் வாடை.
மிச்ச எட்டில் வெறும் பீட் மண்.
ஆய்வேட்டில் அதற்குப் பெயர் ‘ஒப்பீடு’.
தோற்கடிக்கப்பட வேண்டியது என்பதை
மரியாதையாகச் சொல்லும் முறை.

நீடித்த தோட்டக்கலை, முதல் வாரப் பாடம்:
சதுப்பில் பாசி செத்துச் செத்து
ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உயர்கிறது.
நோட்டின் ஓரத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.
என் தம்பி கௌப்போ பிறந்ததிலிருந்து இன்றுவரை
இரண்டு சென்டிமீட்டர்.

அவன் பர்னுவுக்கு அப்பால் வண்டி ஓட்டுகிறான்.
காய்ந்த கோடை நாளாகப் பார்த்து
சதுப்பின் மேல்தோலை உறிஞ்சும் வண்டி.
ஒரு சுற்றுக்குப் பத்து வருடம்.
மதியச் சாப்பாட்டுக்கு முன் நூற்றாண்டைத் தாண்டிவிடுவான்.
என் அறை வாடகை
அந்த வண்டியிலிருந்துதான் வருகிறது.

மூன்றாம் வாரம் மரநார்த் தட்டுகள் மஞ்சளடித்தன.
பந்திக்கு முந்திக்கொண்டன நுண்ணுயிர்கள்;
நைட்ரஜனை அவை தின்று தீர்த்த பிறகு
வேர்களுக்கு வெறும் இலை.
“இன்னும் கொஞ்சம் உரம் வைக்கலாம்” என்றேன்.
ஜினைடா நார்வாக்காரி,
புகைபோக்கிகளை எண்ணி எண் கற்றவள்,
உப்புமானியிலிருந்து தலை தூக்கவில்லை.
“அந்த உரம் எரிவாயுவில் செய்தது.
அதை எந்தப் பத்தியில் எழுதுவாய்?”
தலைக்கு மேல் விளக்குகள் ரீங்கரித்தன.
அவற்றையும்தான் எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

பீட் தட்டுகளோ
வெட்கமே இல்லாமல் பச்சையாக இருந்தன.

ஒரு ஞாயிறு. கூடத்தில் யாருமில்லை.
ஒப்பீட்டு வரிசையின் சொட்டுக்குழாயில் என் கை இருந்தது.
அரைத் திருகு போதும்.
இலைகள் சற்றுத் தளரும், வரைபடம் நிமிரும்,
ஒரு சதுப்பு பிழைத்ததாகக்கூட
எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம்.
குழாய் குளிர்ந்திருந்தது.
எவ்வளவு நேரம் நின்றேன் என்று குறித்து வைக்கவில்லை.
கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் அறுத்து நிறுத்தோம்.
பீட் நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
தென்னைநார் நூற்று நான்கு. நாணல் தொண்ணூற்றேழு.
மட்கிய இலை எண்பத்தொன்று.
மரநார் ஐம்பத்தெட்டு.
அட்டவணையில் அப்படியே ஏற்றினேன்.
ஜினைடா எல்லாவற்றையும் ஒரே வாளியில் கிழித்துப் போட்டு
புளித்த கிரீமும் சோயிக்கீரையும் கலந்தாள்.
பதினொரு பேர் நின்றபடியே தின்றோம்.
எது எதில் வளர்ந்ததென்று
ஒருவருக்கும் தெரியவில்லை.
நாணலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டே இருந்தோம்:
தொண்ணூற்றேழு. அவ்வளவு மோசமில்லை.

அன்றிரவு கௌப்போ அழைத்தான்.
பட்டறையில் சங்கிலி கழற்றும் சத்தம்.
அவனுடைய பாத்தியை மூடுகிறார்களாம்.
கால்வாயை அடைத்து, தண்ணீர் நிரப்பி,
பாசி விதைக்க ஆள் எடுக்கிறார்களாம்.
“நீ படிப்பது இதுதானே?
பாசிக்கு விதை எங்கே வாங்குவது?”
விதை வேண்டாம் என்றேன். வேரும் கிடையாது.
உயிருள்ளதைப் பொடிப்பொடியாக நறுக்கித் தூவு,
மேலே வைக்கோல் பரப்பு,
காயவிடாதே.
“முளைக்க எத்தனை நாள்?”
மூன்று நான்கு கோடை பார்க்கணும் என்றேன்.
கொஞ்ச நேரம் சங்கிலிச் சத்தம் மட்டும்.
“வண்டி தேவைப்படுமா?”
வைக்கோல் இழுக்க, என்றேன்.
சரி, பெயர் கொடுத்துவிடுகிறேன் என்று
வைத்துவிட்டான்.

வாடகையைப் பற்றி இருவருமே பேசவில்லை.