ஆய்தம்

பெயர் வாசிப்பது என் வேலை.
டர்பன், உம்பிலோ சாலை மருத்துவப் பள்ளியில்
பதினேழு வருடமாக,
சேரும் நாளில் ஒரு தடவை,
பட்டம் வாங்கும் நாளில் ஒரு தடவை.
இடையில் ஆறு வருடம் அவர்கள்
வெட்டுவதும் தைப்பதும் எனக்குத் தெரியாது.

என் பெயர் நடேசன் மூன்சாமி.
முனுசாமி என்று சொன்னவரின் வாயைப் பார்க்காமல்
துறைமுகத்துக் கணக்கன் எழுதிவிட்ட நிலா
இன்னும் எங்கள் கதவில் காய்கிறது, பகலிலும்.
அதனால் பிறர் பெயரில் கைவைக்க எனக்குப் பயம்.
முந்தின இரவே பட்டியலை விரித்து
ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்வேன்.
கிளேர்வுட் மாலைப் பள்ளியில் கற்ற எழுத்து.
வேறெதற்கும் பயன்படவில்லை.

அந்தப் பிப்ரவரியில் மின்விசிறிகூட வியர்த்தது.
புதுக் கோட்டுகள், மடிப்புக் கலையாமல்.
ஒருவன் கழுத்தில் விலைச்சீட்டு ஆடியது.
"நோம்செபோ செலே" என்றேன்.
வந்தாள். மாட்டிக்கொண்டாள். உறுதிமொழி சொன்னாள்.
சமோசாத் தட்டுகள் காலியானபின்
நேராக என்னிடம் வந்தாள்.
"அங்கிள், அங்கே ச இல்லை.
முன்பல்லில் நாக்கை ஒட்டுங்கள்.
வெடுக்கென்று எடுங்கள்."
எடுத்தேன்.
அட, இது நாங்கள் உச்சுக் கொட்டுவது!
பால் பொங்கி வழிந்தால்,
பக்கத்து வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் கால் போனால்.
"எங்களுக்கு இது பாவம் பார்க்கிற சத்தம்" என்றேன்.
"பேரோடு சேர்த்துச் சொன்னால் செல்வம்" என்றாள்.
பக்கத்தில் வாய் நிறைய சமோசாவோடு சிரித்தான்
விலைச்சீட்டுக்காரன், யுவனேஷ் செல்லன்,
பட்டியலில் அவளுக்கு அடுத்தவன்:
"என் பேரில் ஒரு கஷ்டமும் இல்லை, அங்கிள்.
எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்."

இரவு அந்தச் சத்தத்துக்கு எழுத்துத் தேடினேன்.
பன்னிரண்டில் இல்லை, பதினெட்டில் இல்லை.
இரண்டு வரிசையிலும் சேராமல்
ஓரமாக நின்றது ஃ.
நோம்-ஃ-எபோ. ஃ-எலே.
தாளில் அது
மூன்று தையல் போட்ட இடம் மாதிரி இருந்தது.

மூன்றாம் வருடம் யுவனேஷ் என் ஜன்னலுக்கு வந்தான்,
மறுதேர்வுக் கட்டணம்.
மறுபடி வந்தான், அதே.
அடுத்த தடவை நீலப் படிவம்.
நீலம் என்றால் விலகல்.
பேனா கேட்டான்.
கையெழுத்திட்டு, மூடியை அழுத்தி மூடித்
திருப்பித் தந்தான்.
எழுதுவதை நிறுத்திய கை
அவ்வளவு கவனமாக ஒரு பேனாவை மூடி
நான் பார்த்ததில்லை.

டிசம்பர். கறுப்பு அங்கிகள். மேடையில் டீன்.
என் விரல் பட்டியலில் இறங்குகிறது.
நாக்கை முன்பல்லில் ஒட்டினேன்.
ஒரு ஃ, இன்னொரு ஃ,
நோம்ஃஎபோ ஃஎலே,
மேல்மாடத்திலிருந்து குலவை இறங்கியது.
எங்களிடம் அந்தச் சொல் மிச்சம்,
நாக்குத்தான் எங்கேயோ போய்விட்டது.
தலைப்பாகை கட்டிய பெண்கள் தரையை மிதித்தார்கள்.
அவள் சிரிப்பை அடக்கிக் குனிந்தாள்,
தலைமேல் பட்டம் தொட்டது.

அடுத்து, செட்டி.
நடுவில் ஒரு கோடுகூட விடவில்லை கணினி.
என் கண் மட்டும் அங்கே தடுக்கியது.
சூடாக இருந்த நாக்கு
கேட்காமலே
இன்னொரு ஃ போட்டது, ஒலிபெருக்கியில்.

கைதட்டப் போன கைகள் நின்றன.
டீன் திரும்பினார்.
மண்டபம் முழுவதும்
ஒரு பெயரின் மிச்சத்துக்காகக் காத்திருந்தது.
தொண்டையைச் செருமி
"செட்டி, கார்மினி" என்றேன்.

கார் நிறுத்துமிடத்தில் யாரோ தோளைத் தொட்டார்கள்.
கூரியர் நிறுவனச் சட்டை, கையில் பூங்கொத்து.
"அங்கிள், என்னையா கூப்பிட்டீங்க?"
"இல்லப்பா. நாக்குத் தவறிடுச்சு."
"கடைசி வரிசை வரைக்கும் கேட்டுது" என்றான்,
பூவை மறுகைக்கு மாற்றிக்கொண்டு.

அதற்குள் மரத்தடியில் படத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது.
நோம்ஃஎபோவின் அம்மா அவனைக் கூப்பிட்டார்,
யூவாஆனேஷீ என்று இழுத்து,
இல்லாத எழுத்தெல்லாம் போட்டு.
எப்படி வேண்டுமானாலும் என்று சொன்னவன்தானே.
ஓடினான்.