எட்டு கிராம்

லாங்கு பஜாரில் ஏழு கடை ஏறி இறங்கியாகிவிட்டது.
பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கிறவளைக்
கடைக்காரர்களுக்குப் பிடிப்பதில்லை.
"தேதியெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா."
தேதி பார்க்கவில்லை அண்ணா,
எறும்புக்கால் எழுத்தில்
புரதம் என்று ஒரு வரி இருக்கும், அதை.

ஊரெல்லாம் அதைக் கூட்டச் சொல்கிறது.
முட்டை குடு, சுண்டல் குடு, பால் குடு,
பிள்ளை தேறிவிடும் என்கிறது பஸ் ஸ்டாண்டு சுவர்.
ஜெரூஷாவுக்கு அது
சேரச் சேர மூளைக்கு ஏறுகிற நஞ்சு.
டப்பாவில் வரும் மருந்துமாவை
மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று வேளை குடிக்கிறாள்.
அதற்குமேல் ஒரு நாளைக்கு எட்டு கிராம்.
ஒரு இட்லியே இரண்டைக் கொண்டுபோய்விடும்.

முறுக்கில் உளுந்து.
மிக்சரில் கடலைமாவு, போதாததற்குக் கடலையே.
ஊதினால் பறக்கிற பொரியிலும் இருக்கிறது,
நூறு கிராமுக்கு ஏழு.
ஆற்காட்டிலிருந்து நாத்தனார் மக்கன் பேடா வாங்கிவந்த அன்று
பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் நினைவு வந்தது அவளுக்கு.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மூடித் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள்,
சர்க்கரைப்பாகு பைக்குள்ளேயே ஒழுகியது.

அவள் எனக்கு அத்தை மகள்.
அவள் அண்ணனைத்தான் கட்டிக்கொண்டேன்.
டாக்டர் காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டு
ஆளுக்குப் பாதி கறுப்படித்துக் காட்டியபோது
கோயிலில் எங்களுக்கு ஓலை வாசித்தது ஞாபகம் வந்தது.
மூன்று ஞாயிறு.
தடை ஏதும் உண்டானால் தெரிவிக்கலாம் என்று
மூன்று ஞாயிறும் ஐயர் கேட்டார்.
ரத்தம் எழுந்து நின்று என்ன சொல்லும்,
ஆளுக்குப் பாதிதானே அதற்குத் தெரியும்.

எட்டாவது கடை அன்சர் பாயுடையது.
எல்லாம் கேட்டுவிட்டு
"அப்ப என்னதாம்மா சாப்பிடலாம் பாப்பா?" என்றார்.
ஏழு வருஷத்தில்
கேள்வியை இந்தப் பக்கமிருந்து கேட்டவர் இவர் ஒருவர்தான்.
மூட்டை மூட்டையாய்க் கையை விட்டு அள்ளிக் காட்டினார்,
நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.
கடைசி மூட்டைக்கு முன்னால் கொஞ்சம் கூச்சப்பட்டார்.
"ஜவ்வரிசி இருக்கு. ஆனா இதுல சத்தே கிடையாதும்மா,
வெறும் மாவு."
இரண்டு கிலோ போடுங்க பாய் என்றேன்.
குரல் ஏன் அப்படிப் போனது என்று
அவருக்கு விளங்கியிருக்காது.

ஷூ கம்பெனி லீவு நாளில்
சத்துவாச்சாரி மொட்டைமாடி, பதினோரு மணி.
எலுமிச்சை, உப்பு, பாதிக்கு பீட்ரூட் சாறு.
பிளாஸ்டிக் விரிப்பில் ஒவ்வொரு ஸ்பூனாக ஊற்றி
நாலு மூலைக்கும் செங்கல் வைத்தேன்.
சாயங்காலத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிட்டது.
இந்த ஊர் வெயிலை
முதல் தடவையாகத் திட்டாமல் படியிறங்கினேன்.

பொரித்து, நிறுத்து, எண்ணி, பத்து.
டப்பா காலியாய் வந்தது.
மறுநாளும் காலி. அதற்கு மறுநாளும்.
சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.
போன மாதம் ரத்தத்தில் ஒன்பது காட்டியது,
ஆறுக்குள் இருக்க வேண்டியது.

"பத்தையும் நீயா சாப்பிட்ட?"
"ரெண்டு."
"மீதி?"
"ஹர்ஷிதாவுக்கு மூணு, சபீனாவுக்கு மூணு,
வேன் அண்ணாவுக்கு ரெண்டு."
"அவங்க உனக்கு என்ன குடுத்தாங்க?"
பதில் இல்லை.
"ஜெரூ, என்ன குடுத்தாங்க?"

ஸ்கர்ட்டின் மடிப்பைப் பிரித்துப் பிரித்து மடித்தாள்.
"திங்கலம்மா. சத்தியமா திங்கல.
அவங்க டப்பாவ
மோந்து பாக்கக் குடுத்தாங்க.
சபீனா டப்பாவுல கடலைமிட்டாய்,
ரெண்டு தடவ."

தராசை ஓரமாகத் தள்ளிவிட்டு
எண்ணெய்ச் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினேன்.
நாளைக்கு இருபது.
வெள்ளிக்கிழமை விரலில் ஊசி.