வாங்கு

எங்கள் கோயிலில் ஒவ்வொரு வாங்குக்கும்
ஒரு செத்தவர் உண்டு.
முதுகுப் பலகையில் மஞ்சள் பெயின்றில் பெயர்,
பிறப்பு, இறப்பு,
அன்பளிப்புச் செய்த பிள்ளைகள் இருக்கும் நாடு.
நாலாவது வாங்கு என் மாமனார் நீக்கிலாப்பிள்ளை.
பிள்ளைகள் கனடா, நோர்வே.
மருமகள் நான் மட்டும் குருநகர்.

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு அவள் வந்தாள்.
கையில் ஒரு பொடியன்,
பொடியன் கையில் வார் அறுந்த ஒற்றைச் செருப்பு.
"இதில ஆரும் இருக்கினமோ அக்கா?"
"ஓம், வருவினம்."

முழுப்பொய் என்றும் சொல்லமுடியாது.
பதினாலு வருசமாய்த் தொலைபேசியில்
அவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.
அடுத்த ஓகஸ்ட். அதற்கடுத்த ஓகஸ்ட்.

பிறகு எழும்பிப் போய் ஒலிவாங்கிக்கு முன் நின்று
அனைவரையும் அன்புடன் வரவேற்றேன்.
பதினொரு வருசமாய் முன்னுரை வாசிப்பது நான்தான்.
குரல் நல்லது என்பார்கள்.
திரும்பி வந்து
ஐந்து பேருக்கான பலகையில்
நானும் என் கைப்பையும் பூசை கண்டோம்.

சமாதானம் சொல்லும் நேரம்
தெரிந்த முகங்களைத் தேடிக் கும்பிட்டோம்.
கொரோனாவுக்குப் பிறகு
எட்ட நிற்பது வசதியாய்ப் போய்விட்டது.
தீர்த்தத் தொட்டியடியில் நின்றவள்
குனிந்து
மகனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.
அவன் சிரித்தான், ஏதோ விளையாட்டு என்று.

புதன்கிழமை சட்டி கழுவும்போது
அந்தச் சிரிப்பு வந்தது.

அடுத்த ஞாயிறு முன்னுரையில் ஒரு வரி சேர்த்தேன்:
"புதிதாய் வந்திருக்கும் சகோதரியையும் மகனையும்
விசேடமாய்..."
ஒரு சனம் முழுக்கக் கழுத்தைத் திருப்பினால்
வாங்குகள் முனகும்.
அவள் முக்காட்டை இழுத்துவிட்டாள்.
காணிக்கைக்கு முன்னமே
பக்கக் கதவால் போய்விட்டாள்.
மூன்றாம் ஞாயிறு இல்லை.
நாலாம் ஞாயிறும்.

நத்தாருக்கு முதல்நாள் விசாரித்துக்கொண்டு போனேன்.
ஐஸ் கொம்பனிக்குப் பின்னால்,
வலைப்பாட்டிலிருந்து வந்தவள்,
நண்டு உடைக்கிறவள்.
கையில் கேக் பெட்டி,
மனதில் பேசி ஒத்திகை பார்த்த நாலு வசனம்.

முழங்கை வரை நண்டு அவளுக்கு.
எழும்பவில்லை.
கவிழ்த்த மீன்பெட்டியில்
ஒரு சாண் தள்ளி இருந்தாள்.
"வாங்கோ அக்கா. இருங்கோ."

வசனம் நாலும் போன இடம் தெரியவில்லை.
பேர் கேட்டேன். எமில்டா.
"அண்டைக்கு எல்லாரும் திரும்பிப் பாக்கேக்க
கை மணக்குமோ எண்டு யோசிச்சன்" என்றாள்,
நண்டைப் பார்த்தபடி.
நானும் ஒன்றை உடைத்தேன், கோணலாய்.
ஓடு கிழித்து விரலில் இரத்தம்.
பொடியன் அதற்கும் சிரித்தான்.

சாமப்பூசைக்குப் பிந்தித்தான் வந்தார்கள்.
கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி இருந்தேன்.
பின்வாங்கிலிருந்து யாரோ செருமினார்கள்.
சமாதானத்துக்கு அவள் கையைப் பிடித்தேன்.
மணந்தது.
மணக்கவில்லை என்று எழுதினால்
இந்தக் கவிதையும் முன்னுரையாகிவிடும்.

மாமனாரின் இறந்த தேதியில் தலை சாய்த்து
பொடியன் நித்திரை.
கனடாவில் அப்போது மத்தியானம்.
நேரலையில் பூசை பார்த்த மச்சாளின் செய்தி
மடியில் ஒளிர்ந்தது:
"எங்கட வாங்கில ஆரது?"

"வந்திட்டினம்" என்று எழுதினேன்.
அனுப்பலாமா என்று
ஒரு பாட்டு முடியும்வரை யோசித்து
அனுப்பினேன்.