பேரேட்டில் உள்ளபடி

தொகுப்பு நூலுக்கு முன்னுரை கேட்டிருக்கிறீர்கள்.
நான் கதை எழுதியவன் இல்லை,
எழுவர் படைக்குக் கணக்கு எழுதியவன்.
ஜாம்பஜார் மார்க்கெட் பின்சந்தில், கோழிக்கடை மாடியில்
மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை,
மாதம் நூற்றிருபது ரூபாய்.

முதல் இதழ் எழுபத்தொன்றில்,
பொங்கலுக்கு என்று அறிவித்து மாசியில் வந்தது.
அறுபது காசு.
அட்டையில் ஏழு பேரையும் நெருக்கி வரைந்திருந்தார் முனவ்வர்.
கட்டிங் மெஷினில் ஏகாம்பரம்
முக்கால் அங்குலம் உள்ளே தள்ளி வெட்டிவிட்டார்.
ஆறு பேர் நின்றார்கள்,
ஓரத்தில் ஒரு முழங்கை.
மூவாயிரம் அட்டை. மறுபடி அச்சடிக்கக் காசில்லை.
முதலாளி எட்வின் துரைபாண்டி
ஒரு பீடி தீரும்வரை அந்த முழங்கையையே பார்த்தார்.
பிறகு பின்னட்டைக்கு ஒரு வரி சொன்னார்:
ஏழாவது வீரன் யார்? காத்திருங்கள்!

பன்னிரண்டு வருஷம் காத்திருந்தார்கள்.

நீலவேங்கை பதினோராம் இதழில் செத்தான்,
நேப்பியர் பாலத்தடியில், மழையில்.
சோறு இறங்கவில்லை என்று
அயனாவரத்திலிருந்து தேவசகாயம் எழுதியிருந்தான், ஏழாம் வகுப்பு.
அந்த மாதப் பேரேட்டில் இருப்பது இவ்வளவுதான்:
நீல மை, டப்பாவுக்குப் பதினெட்டு ரூபாய் ஏற்றம்.
சிவப்பும் கறுப்பும் போதும் என்று முடிவானது.

சங்குமுகி பேசாதவள்.
அவள் மௌனத்தைப் பற்றி யாரோ ஆய்வேடு எழுதிப்
பட்டம் வாங்கியிருக்கிறார்களாம், சந்தோஷம்.
குமிழிக்குள் எழுத்து எழுதிய ஹேமாவதிக்கு
மூன்று மாதக் கூலி பாக்கி.
ஆண்கள் பேசியதை எல்லாம் எழுதிவிட்டு
அவளுடைய குமிழிகளை மட்டும் காலியாகக் கொடுத்தார் அந்தம்மாள்.
வெள்ளை அடித்து மறைத்தோம்.
பாக்கி தீர்ந்தபோது வாசகர் கடிதம் நாற்பத்திரண்டு:
அவள் பேசவே வேண்டாம்.

இதழ் பதினேழு இரண்டு உண்டு. பதினெட்டு கிடையாது.
என் தப்புதான், அன்று காய்ச்சல்.
பதினெட்டை வைத்திருப்பதாகச் சொல்லி
எட்டாயிரம் கேட்பவர்
அதைத் தானே வரைந்திருக்க வேண்டும்.
நன்றாக வரைந்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெருக்கடி நிலையில்
வில்லனின் தொப்பியை மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.
தலைப்பாகை வைத்தோம், அதுவும் திரும்பியது.
மொட்டைத் தலையோடு அனுமதி கிடைத்தது.

முனவ்வர் சினிமா பானர் வரையப் போனார்,
ஒரு நாள் கூலி இங்கே ஒரு மாதத்துக்குச் சமம்.
முதலாளியின் மைத்துனன் வரைய வந்தான்.
எல்லோருக்கும் ஒரே முகம்.
அதனால்தான் முகம் திருடும் அரக்கன் பிறந்தான்,
நாலு இதழ் நீடித்தான்,
உங்கள் கருத்துக்கணிப்பில் முதலிடம் அவனுக்கு.

மாத இதழ் என்று பெயர். மொத்தம் ஐம்பத்து மூன்று.
கடைசியில் வழக்கம்போல் "அடுத்த இதழில்..."
அடுத்த வாரம் காகிதக்காரர் வந்து
மெஷினில் கை வைத்தார்.

சந்தாதாரர் இருநூற்றுப் பதினொன்று.
மீதித் தொகையை மணியார்டரில் அனுப்பியது நான்,
ராயப்பேட்டை தபாலாபீசில் மூன்று நாள் வரிசை.
ஒன்று மட்டும் திரும்பி வந்தது.
டி. தேவசகாயம், அயனாவரம். விலாசதாரர் இல்லை.
மூன்று இதழுக்கு நாலு ரூபாய் ஐம்பது காசு.
கம்பெனி மூடியும் அந்தக் கணக்கு மூடவில்லை.
விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் ஓவியர் அந்த முழங்கைக்கு
ஓர் உடம்பும் முகமும் வரைந்து அனுப்பியிருக்கிறார்.
அழகன்தான். போடுவதானால் போடுங்கள்.

ஏகாம்பரம் வெட்டிய துண்டுகளை
நான் வீணாக்கவில்லை.
பின்பக்கம் வெள்ளைத்தாள், முதல் இரண்டு வருஷம்
வவுச்சர் எல்லாம் அதில்தான்.
நேற்று ஒன்றை எடுத்தேன்.
டீ ஆறு, பன் இரண்டு, கையெழுத்து எ.து.
திருப்பினால் பாதி நெற்றி, ஒரு காது,
வரிசையில் இடம் கேட்பதுபோல்
இடப்பக்கமே பார்க்கும் ஒரு கண்.
துரைபாண்டி கடைசிவரை கேட்கவில்லை,
நானும் காட்டவில்லை.